தி பிக் போ மிஸ்டரி: பாதியில் நிற்கிறேன், தொடரலாமா?

குடந்தைக்காரி கேட்டது:

ஷெர்லாக் ஹோம்ஸ் எல்லாம் முடித்தாயிற்று. அகதா கிறிஸ்டியிலும் கைக்குக் கிடைத்ததை விடவில்லை. அறை உள்பக்கம் தாழிட்டிருக்கிறது, உள்ளே பிணம், ஆயுதத்தைக் காணோம், கொன்றவன் போன வழியும் தெரியவில்லை என்கிற மாதிரிக் கதை என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். அந்த வகையில் முழுநீளமாக எழுதப்பட்ட முதல் கதை என்று பலரும் சொன்னதால் இஸ்ரேல் ஸாங்வில் எழுதிய 'தி பிக் போ மிஸ்டரி'யை எடுத்தேன். சின்னப் புத்தகம்தான், ஒரே இரவில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் அத்தியாயம் அருமை. டிசம்பர் மாதப் பனிமூட்டம். திருமதி ட்ராப்டம்ப் என்கிற வீட்டுக்கார அம்மாள் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கிறாள். மாடியில் குடியிருக்கும் ஆர்தர் கான்ஸ்டன்ட் என்ற இளைஞனைத் தட்டி எழுப்பப் போகிறாள். பதில் இல்லை. பயந்துபோய், எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற துப்பறிவாளர் க்ராட்மனைக் கூட்டிவருகிறாள். கதவை உடைக்கிறார்கள், கழுத்து அறுபட்டுக் கிடக்கிறான். இதுவரைக்கும் சரி.

அதற்கப்புறம்தான் குழப்பம். செருப்புத் தைக்கிற ஒருவரும் காசில்லாத ஒரு கவிஞரும் உட்கார்ந்துகொண்டு அழகு பெரிதா, பயன் பெரிதா என்று பக்கம் பக்கமாகச் சண்டை போடுகிறார்கள். கொலை நடந்த வீட்டுப் பக்கமே யாரும் போவதாகத் தெரியவில்லை. இது துப்பறியும் கதையா, கிண்டல் கதையா? மேலே படிக்கலாமா?

இன்னொன்று, இந்த ஸாங்வில் யார்? வேறு துப்பறியும் கதை எழுதியிருக்கிறாரா? தயவுசெய்து யாரும் கொலைகாரனைச் சொல்லிவிடாதீர்கள்.

---

இரவு ஷிஃப்ட்:

படிங்க. செருப்புக்காரர் வரும் இடங்களை மட்டும் வேகமாகத் தாண்டிக்கலாம், ஒன்றும் குடி முழுகிப் போகாது. முதல் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் சொன்னால் அடிக்க வருவீர்கள்.

---

பழைய கம்பாசிட்டர்:

தாண்டாதீர்கள் அம்மா. இந்தத் தம்பி சொல்கிறார் என்று செருப்புக்காரர் க்ரௌலைத் தாண்டினால் சிரிப்பில் பாதி போய்விடும்.

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு மாலைப் பத்திரிகையில் அச்சுக் கோர்த்தவன். ஈய எழுத்து இருந்தவரைக்கும் கேஸ், அதாவது எழுத்துப் பெட்டி, முன்னால் நின்றேன், அது போனபிறகு அங்கேயே புரூஃப் பார்த்தேன். அதனால் இந்தக் கதை எனக்கு முதலில் மாலைப் பத்திரிகைக் கதை, அப்புறம்தான் கொலைக் கதை.

லண்டனில் 'தி ஸ்டார்' என்று ஒரு மாலைப் பத்திரிகை. 1888 ஜனவரியில் டி. பி. ஓ'கானர் ஆரம்பித்தது. ஆரம்பித்த அதே வருஷம் வைட்சேப்பலில் ஜாக் தி ரிப்பர் கொலைகள், பத்திரிகை அதில் பிய்த்துக்கொண்டு ஓடியது. பெர்னார்ட் ஷாகூட அங்கே வேறு பெயரில் சங்கீத விமரிசனம் எழுதியிருக்கிறார். அந்தப் பத்திரிகையில் 1891இல் தொடராக வந்ததுதான் உங்கள் கையில் இருக்கும் கதை. புத்தகமானது 1892இல்.

அது ஏன் எழுதப்பட்டது என்பது எனக்குப் பிடித்த சங்கதி. கோடையில் லண்டனில் பார்லிமென்ட் கிடையாது, பெரிய மனிதர்கள் ஊரில் இருப்பதில்லை, பத்திரிகைக்குச் செய்தி வறட்சி. அந்த நாட்களில் கடலில் ராட்சசப் பாம்பு தெரிந்தது என்று எதையாவது போட்டுப் பக்கத்தை ரொப்புவார்கள். நம் ஊரில் வேப்பமரத்தில் பால் வடியுமே, அதே கணக்குதான். அந்த வருஷம் பாம்புக்கு லீவு கொடுத்துவிட்டுப் புதுசாக ஏதாவது போடலாம் என்று ஆசிரியர் நினைத்தார், ஸாங்வில்லைக் கேட்டார். ஸாங்வில் மனதில் பல வருஷமாக ஒரு புதிர் கிடந்திருக்கிறது. யாருமே நுழைய முடியாத அறைக்குள் ஒரு மனிதனைக் கொல்ல முடியுமா என்று ஒரு ராத்திரி தனக்குத்தானே கேட்டாராம், கேட்ட மாத்திரத்தில் விடையும் வந்துவிட்டதாம். அதை எடுத்து பதினைந்து நாளில் எழுதிக் கொடுத்துவிட்டார். பின்னால் வந்த பதிப்பின் முன்னுரையில் அவரே இதைச் சொல்கிறார்.

அடுத்த கூத்தையும் கேளுங்கள். தொடர் வந்துகொண்டிருக்கும்போதே வாசகர்கள் 'கொலைகாரன் இவன்தான்' என்று பத்திரிகைக்குக் கடிதம் போட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு இது பழகிய விஷயம். எங்கள் பத்திரிகையில் மர்மத் தொடர் ஓடினால் போஸ்ட் கார்டு மூட்டையாக வரும். ஆசிரியர் பகுதியில் ஒரு பெரியவர் அவற்றைப் பெயர் வாரியாக மேஜையில் அடுக்குவார். கதாநாயகியின் தாய்மாமனுக்கு எப்போதும் உயரமான அடுக்கு. டீ குடிக்கப் போகும்போது நாங்கள் எட்டிப் பார்த்துவிட்டு, இந்த வாரம் யாருக்கு எத்தனை ஓட்டு என்று பேசிக்கொண்டு போவோம்.

ஸாங்வில் என்ன செய்தார் தெரியுமா? தொடர் முடிந்ததும் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். கதையைத் தொடங்கும்போது கொலைகாரன் யார் என்று தனக்கே தெரியாது, ஆனால் யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்ததாகச் சொன்னார். வாசகர் ஒரு பெயரை எழுதி அனுப்பினால் உடனே அந்த ஆளை நிரபராதி ஆக்கிவிடுவாராம். இப்படியே கழித்துக் கழித்துக் கடைசியில் ஒரே ஒரு பாத்திரம்தான் மிச்சம், வேறு வழியில்லாமல் அந்தத் தலையில் கொலையைக் கட்டினாராம். அதற்காக வாசகர்களுக்கு நன்றி வேறு. பச்சையான கேலி. இதையும் நிஜம் என்று நம்பியவர்கள் இருந்திருக்கிறார்கள். அப்புறம் முன்னுரையில் உட்கார்ந்து, ஐயா, அது வேடிக்கைக்குச் சொன்னது, முடிவு முதலிலேயே தெரியும் என்று விளக்க வேண்டியதாயிற்று.

இப்போது நீங்கள் நிற்கும் இடத்துக்கு வருகிறேன். கொலை வீட்டுப் பக்கம் யாரும் போகவில்லை என்கிறீர்கள். சரிதான், அதற்குப் பதிலாக ஊரே பத்திரிகை வழியாக அந்த வீட்டுக்குள் போகிறது. பிணம் கிடைத்த சில மணி நேரத்தில் பையன்கள் தெருவில் தற்கொலை என்று கூவி விற்கிறார்கள். பேப்பர் வாங்கக் காசில்லாதவர்களுக்காகப் போஸ்டரில் மீதிச் சமாச்சாரம் ஒட்டியிருக்கிறது. மரண விசாரணை நடத்தும் அதிகாரி இருக்கிறாரே, அவர் இது தற்கொலையாக இருக்க முடியாது என்று பிசிறில்லாமல் நிரூபிக்கிறார், இது கொலையாகவும் இருக்க முடியாது என்று அதே மூச்சில் அதே சுத்தத்தோடு நிரூபிக்கிறார். ஜூரிகள் எந்தப் பக்கமும் சாயாமல் ஒரு தீர்ப்பைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். அதன்பின் கடிதங்கள் வருகின்றன, ஆளாளுக்கு ஒரு கண்டுபிடிப்பு. அதில் ஒன்று, குரங்காட்டியின் குட்டிக் குரங்கு புகைபோக்கி வழியாக இறங்கி, மனிதர்களைப் பார்த்துப் பழகிய பழக்கத்தில் தூங்குகிறவனுக்குச் சவரம் செய்யப் பார்த்தது என்கிறது! எட்கர் ஆலன் போ 1841இல் எழுதிய கதையில் ஒராங்குட்டான் வருமே, அதற்கு வைத்த குத்து இது. கதையில் இந்தக் கடிதங்களைப் படித்துவிட்டு வாசகர்கள் நிஜமாகவே அதே மாதிரிக் கடிதம் எழுதினார்கள் என்றால் ஸாங்வில் எப்படிச் சிரித்திருப்பார்!

எனக்கு மட்டும் தனியாக ஒரு சந்தோஷம் உண்டு. அந்த வீட்டில் இன்னொரு குடித்தனக்காரர் இருக்கிறார் இல்லையா, டாம் மார்ட்லேக், தொழிலாளர் தலைவர்? அவர் தலைவராவதற்கு முன்னால் அச்சுக் கோர்த்தவர். கேஸ் முன்னால் நின்று அடுத்தவர்கள் பெயரை எழுத்தெழுத்தாக ஸ்டிக்கில் (வரி கோர்க்கும் கைச்சட்டம்) வைத்தவனுக்கு, இப்போது தன் பெயரைப் பிறர் கோர்க்கிறார்கள் என்று ஒரு வரி வருகிறது. அந்த வரியில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். கூட்ட நோட்டீசில் தலைவர் பெயருக்குப் பெரிய எழுத்துத் தேடி, 'ழ'வுக்குக் கட்டை போதாமல் அடுத்த கேஸில் கடன் வாங்கிக் கோர்த்தவர்களுக்குத்தான் அதன் ருசி தெரியும்.

இடமும் சும்மா வைத்த இடமில்லை. லண்டன் கிழக்கில் போ என்கிற பகுதி. அங்கேதான் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலை, 1888இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அடுத்த வருஷம் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம். வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஏழைகளோடு குடியிருந்து சேவை செய்கிறோம் என்று கிழக்கு லண்டனுக்கு வந்துகொண்டிருந்த காலமும் அதுதான். செத்துப்போன கான்ஸ்டன்ட் அப்படி வந்தவன். க்ளாட்ஸ்டன் நிஜ அரசியல்வாதி, அப்போது உயிரோடு இருந்தவர், அடுத்த வருஷமே மறுபடி பிரதமரானவர். அவரையே கதைக்குள் கொண்டுவந்து தொழிலாளர் மன்றத்தில் ஒரு படத்தைத் திறந்துவைக்கச் சொல்கிறார் ஸாங்வில். அந்த மேடையில் நடப்பதை நீங்களே படியுங்கள்.

ஆள் யார் என்று கேட்டீர்கள். 1864இல் லண்டனில் பிறந்தவர். பெற்றோர் ரஷ்ய சாம்ராஜ்யத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த யூதர்கள். ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் இருந்த யூத இலவசப் பள்ளியில் படித்து, அங்கேயே வாத்தியாராக இருந்தார். வேலையை விட்டுவிட்டு 'ஏரியல்' என்ற நகைச்சுவைப் பத்திரிகை நடத்தினார். செருப்புக்காரரும் கவிஞரும் பேசுகிற கேலி அந்தப் பழக்கத்தில் வந்ததுதான். இந்தக் கதை புத்தகமான அதே 1892இல் 'சில்ட்ரன் ஆஃப் தி கெட்டோ' வந்தது. கிழக்கு லண்டன் யூதர் வாழ்க்கையைப் பற்றிய நாவல், பெயர் வாங்கிக் கொடுத்தது அதுதான். 1908இல் 'தி மெல்டிங் பாட்' நாடகம். அமெரிக்காவைப் பல இனமும் உருகிக் கலக்கும் பாத்திரம் என்று சொல்வார்களே, அந்தப் பேச்சு பரவியதற்கு இந்த நாடகம் பெரிய காரணம். யூதர்களுக்குத் தனி நாடு வேண்டும் என்று இயக்கம் நடத்திய தியோடர் ஹெர்ட்ஸல் 1895இல் லண்டன் வந்தபோது தேடிப்போனது இவர் வீட்டுக்குத்தான். பிற்பாடு யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில்தான் என்றில்லை, எங்கே இடம் கிடைத்தாலும் சரி என்று 1905இல் தனியாக ஓர் அமைப்பே ஆரம்பித்தார். மனைவி எடித் அயர்ட்டன் எழுத்தாளர், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடியவர், இவரும் அதற்காக மேடை ஏறியவர். 1926இல் காலமானார்.

இவ்வளவு பெரிய காரியங்கள் பார்த்த மனிதரை இன்று துப்பறியும் கதை உலகம் பதினைந்து நாள் வேலைக்காக நினைவு வைத்திருக்கிறது. முழுநீளத் துப்பறியும் கதை என்று அவர் எழுதியதில் பேர் நின்றது இது ஒன்றுதான்.

படித்துவிட்டு வாருங்கள். முடிவைப் பற்றி அப்புறம் பேசலாம்.

---

சுண்டல் பொட்டலம்:

ஐயா இவ்வளவு ரசித்து எழுதியபிறகு குறுக்கே பேசச் சங்கடமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். எனக்கு இந்தப் புத்தகம் பெரிதாகப் பிடிக்கவில்லை. முடிவைச் சொல்லாமல் என் குறையை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, வளவள. பன்னிரண்டு பக்கச் சிறுகதைக்கான புதிரைப் பிடித்து இழுத்திருக்கிறார். 1891 ஜூலையிலிருந்து ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் ஹோம்ஸ் சிறுகதைகள் வந்துகொண்டிருந்தன, ஒவ்வொன்றும் கத்தி மாதிரி. பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். இரண்டு, பாத்திரங்களின் பெயர்களே கேலிச் சித்திரம். விம்ப் என்று ஒரு போலீஸ் துப்பறிவாளர், க்ராட்மனுக்குப் போட்டி. இரண்டு பேரும் கிறிஸ்துமஸ் விருந்தில் உட்கார்ந்து ஒருவரையொருவர் சீண்டும் இடம் நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். மற்றபடி யார் செத்தாலும் எனக்கு வருத்தம் வரவில்லை. மூடிய அறை வேண்டுமென்றால் 1907இல் காஸ்டன் லெரூ எழுதிய 'மஞ்சள் அறையின் மர்மம்' படியுங்கள். அதில் பதற்றம் இருக்கிறது.

மூன்றாவது குறை முடிவைப் பற்றியது. சகோதரி படித்து முடித்தபிறகு சொல்கிறேன்.

---

குடந்தைக்காரி:

முடித்துவிட்டேன்! க்ரௌலையும் தாண்டவில்லை. மார்ட்லேக் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போது நடப்பதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப்போனது.

இனிமேல் முடிவைப் பற்றிப் பேசலாம். படிக்காதவர்கள் இதற்குக் கீழே வராதீர்கள், கொலைகாரன் பெயர் இருக்கிறது.

நான் வீட்டுக்கார அம்மாளைச் சந்தேகப்பட்டேன், கவிஞரைச் சந்தேகப்பட்டேன், ஒரு கட்டத்தில் செத்தவனே ஏதோ ஏமாற்று வேலை செய்தான் என்றுகூட நினைத்தேன். க்ராட்மனை நினைக்கவே இல்லை. அவர்தானே கதவை உடைக்க வந்தவர்! தாழ்ப்பாள் நிஜமாகவே போட்டிருந்தது, ஜன்னல் நிஜமாகவே மூடியிருந்தது, ஏனென்றால் உடைக்கும்வரை உள்ளே கொலையே நடக்கவில்லை. மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பையனை, கதவு திறந்த நொடியில்... எழுந்து இரண்டு முறை அறைக்குள் நடந்துவிட்டு வந்தேன்.

சுண்டல், உங்கள் மூன்றாவது குறை என்ன?

---

சுண்டல் பொட்டலம்:

அந்த அம்மாள் முகத்தைப் பொத்திக்கொள்வாள் என்று க்ராட்மனுக்கு எப்படித் தெரியும்? அவள் எட்டிப் பார்த்திருந்தால்? மொத்தத் திட்டமும் ஒருத்தியின் இரண்டு கையில் நிற்கிறது. அதிர்ஷ்டத்தை நம்பிய கொலையைப் போய்க் கச்சிதமான குற்றம் என்று எப்படிச் சொல்வது?

காரணமும் எனக்கு ஒட்டவில்லை. பணமில்லை, பகையில்லை. வாழ்க்கை முழுக்க அடுத்தவன் செய்த குற்றத்தைக் கண்டுபிடித்தவனுக்கு, யாராலும் கண்டுபிடிக்க முடியாத குற்றம் ஒன்றைத் தானே செய்து பார்க்க ஆசையாம். தனக்குப் பிடித்த பையனின் கழுத்தை அறுக்க இது போதுமா?

---

பழைய கம்பாசிட்டர்:

முதல் கேள்விக்கு என் பதில். க்ராட்மன் தரப்பிலிருந்து யோசித்துப் பாருங்கள், அவனுக்கு நஷ்டமே இல்லை. கதவை உடைக்கிறான். அம்மாள் விறைத்துப்போய் அவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கையைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம். பையனை உலுக்கி எழுப்பி, என்னப்பா இப்படித் தூங்குகிறாய், இந்த அம்மாள் பயந்தே போய்விட்டார்கள் என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்குப் போய்க் காபி குடிக்கலாம். குற்றமே நடக்கவில்லை, யாருக்கு என்ன தெரியப்போகிறது? அந்த நொடிவரை அவன் கைகள் சுத்தம். உயிரை எடுக்கிற வேலையில் இப்படி ஒரு வசதி வேறு எந்தக் கதையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

அந்த அம்மாளைப் பற்றியும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். எதிலும் துக்கத்தைப் பார்க்கிற மனுஷி. மாடிப்படி ஏறும்போதே உள்ளே கொலை நடந்த மாதிரி மனதில் படம் ஓடியாயிற்று. க்ராட்மனை எழுப்பப் போகும்போது அவளைப் பொறுத்தவரை கான்ஸ்டன்ட் செத்தாயிற்று. எதிரில் ஒருவர் 'ஐயோ கடவுளே' என்றால் முகத்தைப் பொத்துகிற ஆள்தான் அவள். இத்தனை வருஷம் எதிர்வீட்டில் இருந்த துப்பறிவாளனுக்கு அது தெரியாதா?

'இரவு ஷிஃப்ட்' தம்பி முதல் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தை ஞாபகம் வைக்கச் சொன்னாரே, இப்போது திருப்பிப் போய்ப் பாருங்கள். கதவு திறக்கிறது. முதலில் க்ராட்மன் கத்துகிறான். அப்புறம்தான் அவள் அலறுகிறாள். இடையில் அறைக்குள் என்ன இருந்தது என்று ஆசிரியர் ஒரு சொல் சொல்வதில்லை. பார்க்க முடியாத கோரம் என்று மட்டும் போட்டு அத்தியாயத்தை முடித்துவிடுகிறார். பொய் ஒன்றுகூடக் கிடையாது. நாற்பது வருஷம் புரூஃப் பார்த்த கண்ணால் அந்த நாலு வரியைத் தேடிப் பார்த்தேன், ஒரு காற்புள்ளியைக்கூடக் குற்றம் சொல்ல முடியவில்லை.

ஜான் டிக்ஸன் கார் 1935இல் எழுதிய 'தி ஹாலோ மேன்' நாவலில் டாக்டர் ஃபெல் என்கிற துப்பறிவாளர் பூட்டிய அறைக் கொலைகளை வகைபிரித்து ஓர் அத்தியாயம் முழுக்கப் பாடம் நடத்துவார். ஆள் சாவதற்கு வெகுமுன்பே செத்ததாக எல்லோரும் நினைத்துவிடுவது ஒரு வகை, அதைக் கண்டுபிடித்தவர் ஸாங்வில் என்று அங்கே பெயர் சொல்லியே வைத்திருக்கிறார். பின்னால் அந்த உத்தியை எடுத்தாளாதவர்களே குறைவு.

காரணம் ஒட்டவில்லை என்றீர்கள். எனக்கு அதுதான் புத்தகத்திலேயே நிஜமான பகுதி. ஓய்வுபெற்றவனின் வீம்பு அது. அவன் பெயரில் வந்த 'நான் பிடித்த குற்றவாளிகள்' புத்தகத்தைக்கூட அவன் எழுதவில்லை, கவிஞர் டென்சில் கேன்டர்காட்டுக்குக் காசு கொடுத்து எழுதச் சொன்னது. இந்தப் பக்கம் விம்ப் நாளுக்கு நாள் பேர் வாங்கிக்கொண்டிருக்கிறான். விம்ப் தப்பான ஆளைப் பிடிக்கிறான், மார்ட்லேக்குக்குத் தூக்கு என்று தீர்ப்பாகிறது. அப்போது க்ராட்மன் உள்துறை மந்திரியிடம் ஓடுகிறானே, நிரபராதியைக் காப்பாற்றவா ஓடுகிறான்? கொஞ்சம் அதுவும் உண்டு. ஆனால் வாக்குமூலத்தை மறுபடி படியுங்கள். தன் வேலைப்பாட்டைத் தானே விளக்கிச் சொல்லும்போது அந்தக் குரலில் இருக்கும் குஷியைக் கேளுங்கள். விம்ப்புக்குத் தவறான பெருமை போய்ச் சேர்வதை அவனால் தாங்க முடியவில்லை. முப்பது வருஷம் சர்வீஸ் போட்டவர்கள் வழியனுப்பு விழாவில் பேசும்போது இந்தக் குரலை நான் கேட்டிருக்கிறேன். யாரும் கொலை செய்ததில்லை, அவ்வளவுதான்.

எல்லாம் சொல்லி முடித்தபிறகு தெரிகிறது, மார்ட்லேக் பிழைப்பதற்கு அவன் வாக்குமூலமே தேவைப்பட்டிருக்கவில்லை என்று. அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. அந்த ஒரு பக்கத்துக்காக மீதி வளவளவை நான் மன்னித்துவிடுவேன் சுண்டல்.

---

சுண்டல் பொட்டலம்:

நஷ்டமே இல்லை என்ற கோணம் எனக்குத் தோன்றவில்லை, அது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் க்ரௌலும் கேன்டர்காட்டும் பேசுகிற பேச்சை நான் மன்னிக்கத் தயாராயில்லை.

---

இரவு ஷிஃப்ட்:

இதை மூன்று தடவை படமாக்கியிருக்கிறார்கள். கடைசியாக வந்தது 1946இல் 'தி வெர்டிக்ட்', டான் சீகல் இயக்கிய முதல் முழுநீளப் படம். சிட்னி க்ரீன்ஸ்ட்ரீட்தான் க்ராட்மன், கூடவே பீட்டர் லோரி. சுண்டலுக்கு அது பிடிக்கலாம், ஏனென்றால் காரணத்தை மாற்றிவிட்டார்கள். படத்தில் க்ராட்மன் நிரபராதி ஒருவனைத் தூக்குக்கு அனுப்பி வேலை இழந்தவர், சாகிறவன் நல்லவனும் இல்லை. கொலைக்கு ஒரு நியாயம் கற்பித்துவிட்டார்கள். கறுப்பு வெள்ளையில் அந்தப் பனிமூட்டம் மட்டும் பிரமாதம்.

---

குடந்தைக்காரி:

சாகிறவன் கெட்டவனா? அப்படியென்றால் வயிற்றில் அந்தக் கலக்கம் வராதே. பல்வலியோடு படுத்த நல்ல பையன் என்பதால்தானே எனக்குத் தூக்கம் போயிற்று! இருந்தாலும் லோரிக்காகப் பார்க்கிறேன்.

அடுத்து லெரூவின் மஞ்சள் அறையா, காரின் 'ஹாலோ மேன்' புத்தகமா? கம்பாசிட்டர் ஐயா, நீங்களே சொல்லுங்கள்.

---

பழைய கம்பாசிட்டர்:

முதலில் லெரூ. காரின் அந்தப் பாட அத்தியாயத்தில் மஞ்சள் அறையைப் பற்றியும் பேச்சு வரும், அதை முன்னாலேயே படித்துவிட்டால் வீணாகிவிடும். லெரூவை ஆரம்பித்தபின் இங்கே வந்து ஏதும் கேட்காதீர்கள், சுண்டல் உளறிவிடுவார்.